பட்டமா, பட்டறையா, பரீட்சையா?

ஹைதராபாத் மெட்ரோ ரயிலில் இரண்டு பாதைகள் சந்திக்கும் நிலையம் அமீர்பேட். படியிறங்கி மைத்ரிவனம் கட்டடத்தின் பக்கம் திரும்பினால் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் திணிக்கப்படும். பத்தடி போனால் இன்னொன்று. பைத்தான், ஜாவா, டெஸ்டிங், எஸ்.ஏ.பி., கிளவுட், டேட்டா சயின்ஸ். வகுப்பு எடுப்பவரின் பெயர், அவருக்கு எத்தனை வருட அனுபவம், முதல் சில நாள் இலவசம் என்ற அறிவிப்பு. மாடிப்படிச் சுவர்களில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய போஸ்டர்கள். கொரோனாவுக்குப் பிறகு பல வகுப்புகள் இன்டர்நெட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் தெரு காலியாகவில்லை.

இங்கே வருகிறவர்கள் யார் என்று பார்த்தால்தான் சங்கதி புரியும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் அல்ல. பெரும்பாலோர் பி.டெக். முடித்தவர்கள். கரீம்நகரிலிருந்தும் குண்டூரிலிருந்தும் அனந்தபூரிலிருந்தும் வருகிறார்கள். நாலு வருடம் கட்டணம் கட்டிப் படித்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அச்சிட்ட பட்டத்தையும் வாங்கிக்கொண்டு, அதே கம்ப்யூட்டர் சயின்ஸைக் கற்றுக்கொள்ள மறுபடி பணம் கட்டுகிறார்கள். பெங்களூரின் மாரத்தஹள்ளியிலும் சென்னையின் வேளச்சேரியிலும் இதே காட்சிதான், சற்றுச் சிறிய அளவில்.

அப்படியானால் நேராக இங்கேயே வந்திருக்கலாமே, நாலு வருடமும் சில லட்சங்களும் மிச்சமாகியிருக்குமே என்று பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகளில் யாராவது ஒரு மாமா கேட்காமல் இருப்பதில்லை. பையனையோ பெண்ணையோ ஐ.டி. வேலைக்குத் தயார் செய்ய கல்லூரியா, ஐ.டி.ஐ. - பாலிடெக்னிக் போன்ற தொழிற்கல்வியா, அல்லது சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற கம்பெனிகள் வைக்கும் பரீட்சைகளா? மூன்றில் எது நன்றாகக் கற்றுக்கொடுக்கும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். கற்பதற்கு இன்று வழிகள் மலிந்து கிடக்கின்றன, பாதி இலவசம். விசாரிக்க வேண்டியவை வேறு: எந்தக் காகிதம் எந்தக் கதவைத் திறக்கும், அந்தக் காகிதம் எத்தனை நாள் செல்லும், அதற்கு யார் பணம் கட்டுவது.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சான்றிதழ் என்ற ஒரே சொல் மூன்று வேறு காகிதங்களுக்கு வழங்குகிறது. பல்கலைக்கழகம் தரும் பட்டச் சான்றிதழ் ஒன்று. 'இன்னார் எங்களிடம் 60 நாள் பயின்றார்' என்று பயிற்சி நிலையம் எழுதித் தருவது இன்னொன்று. பாடம் நடத்தாத மூன்றாம் ஆள் பரீட்சை வைத்து, தேறியவருக்கு மட்டும் தருவது மூன்றாவது. முதலாவது அரசாங்கத்துக்கும் தூதரகத்துக்கும் தெரிந்த காகிதம். இரண்டாவது, வருகைப் பதிவேட்டின் அழகான நகல். சந்தையில் மதிப்புள்ளது மூன்றாவது. அதுவும் தேதி போட்ட மதிப்பு. பிரசுரத்தில் 'சான்றிதழுடன்' என்று இருக்கும்போது பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தருகிறார்கள். படிக்கிற அப்பா மூன்றாவதை நினைத்துக்கொள்கிறார்.

இந்தக் குழப்பத்துக்கு வயது நாற்பதுக்கு மேல். என்.ஐ.ஐ.டி. 1981-லும் ஆப்டெக் 1986-லும் தொடங்கப்பட்டபோது கம்ப்யூட்டர் பாடத்தில் பட்டம் தரும் கல்லூரிகள் குறைவு. தொழிலுக்கு ஆட்கள் வேண்டும். இடைவெளியைத் தனியார் பயிற்சி நிலையங்கள் நிரப்பின. தெருவுக்குத் தெரு முளைத்தவற்றின் தரத்தைப் பார்க்க ஏதாவது செய்ய வேண்டும் என்று மத்திய எலெக்ட்ரானிக்ஸ் துறையும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து 1990-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தன. டி.ஓ.இ.ஏ.சி.சி. என்று பெயர். ஓ, ஏ, பி, சி என்று நாலு படிகள். எங்கே படித்தாலும் சரி, வீட்டிலேயே படித்தாலும் சரி, பரீட்சை நாடு முழுவதும் ஒன்றே. பி நிலையை எம்.சி.ஏ.வுக்கு நிகராக மத்திய அரசு வேலைகளுக்கு ஏற்றுக்கொண்டார்கள். உருப்படியான யோசனை. 2011-ல் அந்த அமைப்பு நீலிட் என்று பெயர் மாறியது; ஜனவரியிலும் ஜூலையிலும் பரீட்சைகள் இன்றும் நடக்கின்றன. வட மாநிலங்களில் அரசுப் பணி அறிவிப்புகளில் அதன் பெயர் அடிபடுகிறது. விளம்பரம் செய்யத் தெரியாத காரணத்தால் தெற்கே பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அமீர்பேட் தழைத்தது 1990களின் பிற்பாதியில். 2000 பிறக்கும்போது தேதியைத் தப்பாகக் கணக்கிட்டுக் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த நேரம். பழைய புரோகிராம்களைத் திருத்த கோபால் மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். (பெயரைப் பார்த்து நம்மூர் ஆசாமி என்று நினைத்தவர்களும் உண்டு.) சில மாதங்கள் படித்தால் அமெரிக்காவுக்கு விமானம் ஏறலாம் என்ற நிலை. 1998 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய் ஹைதராபாத்தில் சைபர் டவர்ஸ் கட்டடத்தைத் திறந்துவைத்தார். ஹைதராபாத்திலிருந்து ஆஸ்திரேலியாவரை இந்த இளைஞர்களைப் பின்தொடர்ந்த சீன மானுடவியலாளர் ஷியாங் பியாவ், 2007-ல் வந்த தம் நூலில் ஆந்திர கிராமத்து விவசாயப் பணமும் வரதட்சணையும் எப்படி ஐ.டி. படிப்பாக மாறி, ஐ.டி. மாப்பிள்ளையாக மாறி, மீண்டும் வரதட்சணையாகத் திரும்பியது என்று விளக்குகிறார். 2001-ல் டாட் காம் கம்பெனிகள் சரிந்தபோது இந்தச் சக்கரம் பலரைக் கீழே தள்ளியது. சில மாதப் படிப்பை மட்டும் நம்பிப் போனவர்கள்தான் முதலில் விழுந்தார்கள்.

பிறகு வந்தது கல்லூரிகளின் காலம். 2008-ல் ராஜசேகர ரெட்டி அரசு, தகுதியுள்ள மாணவர்களின் கட்டணத்தை அரசே கல்லூரிக்குத் திருப்பித் தரும் திட்டத்தை ஆரம்பித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு என்பதில் சந்தேகமில்லை. அதே சமயம் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் எஞ்சினியரிங் கல்லூரிகளின் எண்ணிக்கை 600-ஐத் தாண்டியது. அத்தனைக்கும் ஆசிரியர்களுக்கு எங்கே போவது? நேற்றுப் படித்து முடித்தவர் இன்று பாடம் நடத்தினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழைய வசனம். சில கல்லூரிகளில் ஏடும் சரியாக இல்லை. அமீர்பேட்டுக்கு வாடிக்கையாளர்களைத் தயாரித்துக் கொடுத்தவை இந்தக் கல்லூரிகள்தாம்.

ஆக, பட்டம் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படியும் ஏன் எல்லோரும் அதை வாங்குகிறார்கள்? முட்டாள்தனத்தால் அல்ல. பெரிய கம்பெனி ஒன்று ஒரு நாளில் பல ஆயிரம் விண்ணப்பங்களைப் பார்க்கிறது. எல்லோரையும் சோதித்துப் பார்க்க முடியாது. எனவே சல்லடை போடுகிறது: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது, பட்டம் கட்டாயம். சல்லடையில் நிற்காதவரின் திறமையைப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் யாருமே இருப்பதில்லை. நுழைவாயிலில் காட்டும் சீட்டுதான் பட்டம். உள்ளே என்ன செய்யப் போகிறார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சீட்டிலும் தரம் உண்டு. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் ஆண்டுக்கு ரூ. 2.52 லட்சம் சம்பளத்தில் ஆளெடுக்கிறது என்ற செய்தி கேலிக்கு உள்ளானது. அது மூன்று வருடப் பட்டதாரிகளுக்கு. எஞ்சினியர்களுக்கு 4 லட்சத்திலிருந்து 12 லட்சம்வரை என்று கம்பெனி விளக்கம் அளித்தது. விளக்கத்தைக் கேட்டுக் கோபம் தணிந்ததோ இல்லையோ, ஒரு விலைப்பட்டியல் வெளியே வந்தது. பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவருக்கும் பி.டெக். படித்தவருக்கும் முதல் நாள் வித்தியாசம் குறைந்தது கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கறார். அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு அந்த நாட்டு நாலு வருடப் பட்டமோ அதற்கு நிகரானதோ வேண்டும். நம்முடைய மூன்று வருட பி.எஸ்சி., பி.சி.ஏ. தனியாக நிகராகப் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. குறையும் ஒரு வருடப் படிப்புக்கு மூன்று வருட அனுபவம் என்று ஒரு விதி இருக்கிறது. பட்டமே இல்லாதவர் இந்த விதிப்படி நாலு வருடப் படிப்பை ஈடுகட்டப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். சி.சி.என்.ஏ. பத்து வைத்திருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு அமெரிக்கா ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்த பிறகு அந்தக் கனவின் விலை வேறு என்றாலும், பட்டம் பற்றிய விதி அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு கதவையும் மறந்துவிடக் கூடாது. பட்டம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அச்சாகும். ரெட் ஹேட் பரீட்சை தேறியதை யாரும் அச்சடிப்பதில்லை. பெண் பிள்ளைகளின் விஷயத்தில் பல பெற்றோர் முடிவெடுப்பது இதை வைத்துத்தான், வெளியே சொல்லாவிட்டாலும்.

இவ்வளவும் பட்டத்துக்குச் சாதகம். எந்தக் கல்லூரிப் பட்டமானாலும் எந்த விலைக்கானாலும் வாங்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு துறையில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டது. சிவில், மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பிரிவுகளைக் கல்லூரிகள் பெருக்குகின்றன. எதிர்ப்பக்கத்தில் 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை சுமார் 64,000 குறைந்தது. டி.சி.எஸ். பங்குச் சந்தைக்கு வந்த 2004-க்குப் பிறகு அதன் ஆண்டுக் கணக்கில் ஆள் குறைந்தது அதுவே முதல் தடவை. எளிய கோடிங் வேலைகளைச் செய்ய ஏ.ஐ. கருவிகள் வந்துவிட்டன, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பழகிக்கொள்ளக் கொடுத்துவந்த வேலைகள் அவைதாம். வேலைக்கு ஆள் எடுக்க யாரும் எட்டிப் பார்க்காத கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கும் பி.டெக்.கைவிட, மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரியில் சில ஆயிரம் கட்டிப் படிக்கும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமில்லை. மிச்சமாகும் பணத்தில் எம்.சி.ஏ. படிக்கலாம், அதுவும் 2020-21 முதல் மூன்று வருடத்துக்குப் பதில் இரண்டே வருடம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

தொழிற்கல்விக்கு வருவோம். நாட்டில் சுமார் 15,000 ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன, பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. அவற்றில் கம்ப்யூட்டருக்கென்று அதிகம் பேர் சேரும் பிரிவு கோபா: கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்டு புரோகிராமிங் அசிஸ்டென்ட். பத்தாவது தேறியிருந்தால் போதும், ஒரு வருடம். பெயரில் புரோகிராமிங் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். முடித்தவர் போவது அலுவலகக் கம்ப்யூட்டர், டேட்டா என்ட்ரி, இ-சேவை மையம் போன்ற வேலைகளுக்கு. அது கௌரவமான பிழைப்புதான். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகும் வழி அல்ல. ஹார்டுவேர் - நெட்வொர்க் பராமரிப்புக்கு இன்னொரு ஒரு வருடப் பிரிவு இருக்கிறது. கேபிள் இழுப்பது, சுவிட்ச் பொருத்துவது, பழுது பார்ப்பது போன்ற கைவேலை. ஆஸ்பத்திரியிலும் வங்கிக் கிளையிலும் கம்ப்யூட்டர் நின்றுபோனால் நேரில் வந்து பார்க்க ஒரு மனிதர் வேண்டும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டோ ஏ.ஐ.யைக் கேட்டோ கேபிள் மாற்ற முடியாது.

உண்மையில் இந்த வரிசையில் யாரும் அதிகம் பேசாத வழி பாலிடெக்னிக்தான். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு வருடம், பி.டெக். நாலு வருடம், மொத்தம் ஆறு. பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமோ மூன்று வருடம், பிறகு நேராக பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருடம். மொத்தம் அதே ஆறு. வித்தியாசம் எங்கே என்றால், இரண்டாவது வழியில் போகிறவரின் கையில் பாதி வழியிலேயே அரசாங்கம் ஏற்கும் ஒரு டிப்ளமோ இருக்கிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனாலும் மழை பொய்த்தாலும் அங்கேயே நின்று வேலைக்குப் போகலாம். நிலைமை சீரானதும் மேலே படிக்கலாம். பிளஸ் டூ வழியில் போகிறவர் மூன்றாவது வருடத்தில் நின்றுவிட்டால் கையில் வெறும் பிளஸ் டூ மார்க் ஷீட். அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம்தான். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இரண்டாம் ஆண்டில் சேர ஈசெட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் இந்த வழியில் அதிகம் போவதில்லை என்பதால் இதற்கு மவுசு இல்லை. பணம் இடையில் நின்றுபோகக்கூடிய வீடுகளுக்கோ இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடையாது.

இனி கம்பெனிகள் வைக்கும் பரீட்சைகள். 1990களில் நாவெல் கம்பெனியின் சி.என்.இ. கொடிகட்டிப் பறந்தது. நெட்வொர்க் என்றாலே நாவெல் என்றிருந்த காலம். பிறகு மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.இ. வந்தது. கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து, சர்வரைத் தொட்டுப் பார்க்காமலே தேறியவர்கள் பெருகியதில் 'காகித எம்.சி.எஸ்.இ.' என்று அமெரிக்காவிலேயே கேலி செய்தார்கள். நாவெல் 2011-ல் கைமாறியது. எம்.சி.எஸ்.இ. 2021 ஜனவரியில் மூடப்பட்டது. அந்தக் காகிதங்களுக்குக் கொட்டிய பணம் போனது போனதுதான். பட்டத்துக்கு இந்த வியாதி கிடையாது. 1985-ல் வாங்கிய பி.எஸ்சி. இன்றும் பி.எஸ்சி.தான்.

சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. 1998-ல் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் பல கிளைகளை ஒழித்து ஒரே பரீட்சையாக்கினார்கள். கட்டணம் 300 டாலர் என்றால் நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். மூன்று வருடம் செல்லும். அமேசானின் கிளவுட் பரீட்சைகளும் மூன்று வருடம். மைக்ரோசாஃப்டின் பெரும்பாலான பரீட்சைகள் ஒரு வருடம்; புதுப்பிப்பது மட்டும் இலவசம். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ரகம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ரெட் ஹேட்டின் லினக்ஸ் பரீட்சையில் கேள்வித்தாளுக்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கிறார்கள். மூன்று மணி நேரம் போல. சொன்ன வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். முடிவில் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கினால்தான் மார்க். 'டம்ப்ஸ்' என்று விற்கப்படும் கேள்வித் தொகுப்பை உருப்போட்டு இங்கே தப்பிக்க முடியாது. கம்பெனிகளில் ஆளெடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கேட்பவர்களிடம் பயிற்சி நிலையங்கள் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. இந்தப் பரீட்சைகளால் அதிகம் பலன் அடைகிறவர் ஏற்கெனவே வேலையில் இருப்பவர். மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்றவற்றின் பங்காளிக் கம்பெனியாக ஐ.டி. கம்பெனி பதிவு செய்துகொள்ள வேண்டுமானால் தேர்ச்சி பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆகவே கம்பெனிகளே ஊழியர்களைப் பரீட்சை எழுதச் சொல்லி, பல இடங்களில் கட்டணத்தையும் திருப்பித் தருகின்றன. வேலையில் சேர்ந்தால் கம்பெனி செலவில் எழுதக்கூடிய பரீட்சையை, சேருவதற்கு முன் அம்மாவின் வளையலை அடகு வைத்து எழுதுவானேன்? வேலையில்லாதவர் ஒன்றே ஒன்று எழுதுவதாக இருந்தால், கையால் செய்து காட்ட வேண்டியதாகப் பார்த்து எழுதலாம். நாலைந்து எழுதி அட்டவணை போடுவது வேலை கிடைக்காதவர் என்பதற்கான அடையாளமாகவே பார்க்கப்படுகிறது.

பட்டம், வேலை இரண்டையும் சேர்த்துத் தரும் வழிகள் சிலவற்றைக் கம்பெனிகளே திறந்திருக்கின்றன. விப்ரோ 1995 முதல் பி.எஸ்சி. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து பிலானி பிட்ஸுடன் சேர்ந்து மேற்படிப்பு கொடுக்க ஆரம்பித்தது. எச்.சி.எல். 2017-ல் டெக்பீ என்று பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி தந்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க வைக்கத் தொடங்கியது. பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. ஸோஹோ 2004-05-ல் ஆறே மாணவர்களுடன் ஆரம்பித்த பள்ளியில் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை உண்டு, பட்டம் கிடையாது. மூன்றுமே நல்ல ஏற்பாடுகள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தக் காலம் எவ்வளவு, நடுவில் விலகினால் என்ன ஆகும் என்று படித்துப் பார்க்க வேண்டும். பட்டம் தராத இடமானால், அங்கிருந்து வெளியே வருகிற நாளில் பழைய சல்லடை மறுபடி எதிரே நிற்கும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு இதற்கு ஒரு மாற்று. பிளஸ் டூ தேறியவர்கள் தகுதிச் சுற்றில் தேறினால் சேரலாம், ஜே.இ.இ. தேவையில்லை, இடையில் நின்றாலும் முடித்த படிக்கு ஏற்ற காகிதம் கையில் கிடைக்கும், வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-ல் அனுமதித்துவிட்டதால் அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்க முடியும். பாடம் சுலபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமீர்பேட் போன்ற தெருக்களில் இவை எதுவும் பிரசுரத்தில் இருக்காது. அங்கே விற்பனைக்கு வருவது அவசரம். வேலை உறுதி என்ற வாக்குறுதியைப் பற்றி, பயிற்சி நிலையங்களின் பொய் விளம்பரங்களுக்கு எதிராக 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வெளியிட்டது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. இதைவிட ஆபத்தான சரக்கு ஒன்றும் சில மாடிகளில் கிடைக்கிறது: மூன்று வருட 'அனுபவம்'. இல்லாத கம்பெனியின் சம்பளச் சீட்டு, போன் செய்தால் ஆமாம் என்று சொல்ல ஓர் ஆள். வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் ஓடிவிட்ட பையனுக்கு இது கடைசிக் கயிறாகத் தெரிகிறது. கம்பெனிகளோ 2006-லிருந்தே நாஸ்காம் ஏற்படுத்திய தேசியப் பதிவேட்டையும் தனியார் விசாரணை நிறுவனங்களையும் வைத்துச் சரிபார்க்கின்றன. பி.எஃப். கணக்கு இல்லாத அனுபவம் எளிதில் மாட்டிக்கொள்ளும். மாட்டியவர் வேலையை மட்டும் இழப்பதில்லை; உண்மையாகப் படித்து வாங்கிய பட்டத்துக்கும் சேர்த்து மதிப்புப் போய்விடுகிறது. இந்தக் காகிதத்தை வாங்குகிறவர்களில் பலர் அப்பாவி வீட்டுப் பிள்ளைகள். விற்றவர் அடுத்த மாதம் பெயர்ப் பலகையை மாற்றிக்கொள்கிறார்.

மாலை ஏழு மணிக்கு மேல் மைத்ரிவனத்தைச் சுற்றிய மாடிகளில் வேறு ஒரு கூட்டம் வரும். ஹைடெக் சிட்டியில் வேலை முடிந்து, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்ற மறந்து மெட்ரோவில் வந்து இறங்குகிறவர்கள். கிளவுட் வகுப்பில் அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில், சென்ற வருடம் பி.டெக். முடித்து இன்னும் வேலை கிடைக்காதவர் உட்கார்ந்திருப்பார். ஒரே வகுப்பு, ஒரே கட்டணம், எழுதப் போவதும் ஒரே பரீட்சை. முன்னவர் பரீட்சைக் கட்டணத்துக்கு ரசீது எப்படி வாங்குவது என்று விசாரித்து வைத்துக்கொள்கிறார். அலுவலகத்தில் கொடுத்தால் பணம் திரும்ப வந்துவிடும். பின்னவர் அந்தக் கட்டணத்தை எத்தனை தவணையில் கட்டலாம் என்று கேட்கிறார். வகுப்பு முடிய ஒன்பதரை ஆகிறது. எஸ்.ஆர். நகர் ஹாஸ்டலில் சாப்பாட்டுக் கூடம் பத்து மணிக்கு மூடிவிடும் என்பதால் அவர் வேகமாகப் படியிறங்குகிறார்.